மூளைப் படங்களை அளக்கும் மென்பொருள்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி நிறுவுவது?

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ரயிலேறிப் பெங்களூர் போய் வருகிறார்கள். அங்கே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆகவே பொறியியல், கணிப்பொறி இயல், உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மூளைப் படங்களை வைத்து புராஜெக்ட் செய்யும் வாய்ப்பு வரக்கூடும். அப்போது எழும் முதல் கேள்வி, "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். அதற்கு எளிய முறையில் விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு

மாம்பழத்துக்குப் பெயர்போன சீனிவாசபுரம் தாலுகா நம் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கிராமங்களில் 45 வதைத் தாண்டியவர்களை, மேலே சொன்ன மூளை ஆராய்ச்சி மையம் 2018 முதல் ஆய்வு செய்து வருகிறது. பத்தாயிரம் பேரைச் சேர்த்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது திட்டம். நினைவாற்றல் சோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுடன் எம்.ஆர்.ஐ. படமும் இதில் அடங்கும். முதுமையில் மறதி நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று அறிவதே குறிக்கோள்.

இத்தகைய ஆய்வில் ஒருவரின் மூளையை இன்று அளந்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்கிறார்கள். வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குவது இயற்கை. நினைவுக்கு முக்கியமான 'ஹிப்போகேம்பஸ்' என்னும் பகுதி, நலமாக இருக்கும் முதியவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்குகிறது. அல்சைமர் நோய் கண்டவருக்கு நான்கு முதல் ஐந்து சதவீதம் வரை சுருங்குகிறது. நலத்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு மூன்று சதவீதம்தான். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். மென்பொருள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

அளவுகோலே மாறினால்?

ரயில்வேயில் சக்கரத் தேய்மானத்தை அளக்க ஒரு கேஜ் உண்டு. போன முறை ஒரு கேஜ், இந்த முறை வேறொரு கேஜ் என்று அளந்தால், தேய்ந்தது சக்கரமா, மாறியது கேஜா என்று யாராலும் சொல்ல முடியாது. மூளைப் படத்துக்கும் இதே விதிதான்.

நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே படங்களை 'ஃப்ரீசர்ஃபர்' என்ற மென்பொருளின் மூன்று பதிப்புகளில் (4.3.1, 4.5.0, 5.0.0) கொடுத்துப் பார்த்தார்கள். மூளைப் பகுதிகளின் கன அளவு, பதிப்புக்குப் பதிப்பு சராசரியாக 8.8 சதவீதம் வேறுபட்டது. கணிப்பொறியை மாற்றியபோதும், இயங்குதளத்தின் பதிப்பை மாற்றியபோதும்கூட விடை மாறியது. அந்த வேறுபாடு இதில் ஏறக்குறைய பாதி. நாம் தேடுவதோ மூன்று சதவீத வேறுபாடு! ஆய்வின் நடுவில் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால், நலமாக இருக்கும் பாட்டியின் மூளை சுருங்கிவிட்டதாகவும், நோயுற்ற தாத்தாவின் மூளை வளர்ந்துவிட்டதாகவும் கணக்கு வரக்கூடும்.

2020-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இன்னொரு பாடம். ஒரே மூளைப் படத் தொகுப்பை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் முற்றிலும் ஒரே வழியில் கணக்கிடவில்லை. பல கேள்விகளுக்கு விடைகளும் வேறுபட்டன.

ஆகவே, "எது நல்ல மென்பொருள்?" என்பதைவிட, "எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை மாற்றாமல் வைத்திருக்க முடியுமா?" என்பதே முக்கியமான கேள்வி.

எதற்கு எது?

1. ஃப்ரீசர்ஃபர்: அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவானது. மூளையின் மேலுறைத் தடிப்பையும் பகுதிகளின் கன அளவையும் அளக்க ஏற்றது. ஒருவரின் படத்துக்கே பல மணி நேரம் எடுக்கும்.

2. எஃப்.எஸ்.எல்.: இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. மூளையின் நரம்பிழைப் பாதைகளையும், மூளை வேலை செய்யும்போது எடுத்த படங்களையும் ஆராயலாம். வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம்.

3. எஸ்.பி.எம்.: லண்டனில் உருவானது, இலவசம். ஆனால் 'மேட்லேப்' என்னும் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குள் ஓடுவது. கல்லூரியில் மேட்லேப் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேட்லேப் உரிமம் இல்லாமல் தனியாக ஓடும் வடிவமும் உண்டு.

4. ஏ.எஃப்.என்.ஐ.: 1994-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கியது. மூளை வேலை செய்யும்போது எடுத்த படங்களுக்குப் பெயர் பெற்றது. முழுவதும் இலவசம்.

வழிகாட்டும் பேராசிரியரின் ஆய்வகத்தில் எது ஓடுகிறதோ அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

நிறுவும் முறை

முதலில் கணிப்பொறியைப் பாருங்கள். நினைவகம் குறைந்தது 8 ஜி.பி.; 16 இருந்தால் நிம்மதி. வட்டில் 100 ஜி.பி. காலியிடம் வேண்டும். எஃப்.எஸ்.எல்., ஃப்ரீசர்ஃபர், ஏ.எஃப்.என்.ஐ. மூன்றும் லினக்ஸ், மேக் இயங்குதளங்களுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டில் விண்டோஸ்தான் இருக்கிறது என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் 'டபிள்யூ.எஸ்.எல்.' வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. அதில் உபுண்டுவை ஏற்றிவிட்டுப் பிறகு இவற்றை நிறுவலாம்.

அடுத்து, கோப்புறைகளுக்குப் பெயர் வைக்கும்போது இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். பாதி வழியில் வேலை நின்றுபோகும். ஃப்ரீசர்ஃபருக்கு இலவசமாகப் பதிவு செய்தால் மின்னஞ்சலில் ஓர் உரிமக் கோப்பு வரும். அதை நிறுவிய கோப்புறையில் வைக்காவிட்டால் மென்பொருள் ஓடாது. எஸ்.பி.எம்.-ஐ மேட்லேப்பில் சேர்க்கும்போது அதன் முதன்மைக் கோப்புறையை மட்டும் சேர்க்க வேண்டும். உட்கோப்புறைகளைச் சேர்த்தால் குழப்பம் வரும்.

ஸ்கேன் இயந்திரம் தரும் படம் 'டைகாம்' வடிவில் இருக்கும். அதை 'நிஃப்டி' வடிவுக்கு மாற்ற வேண்டும். இது பங்குச் சந்தை நிஃப்டி அல்ல. கோப்பு வடிவின் பெயர். மாற்றிய பின் இடது, வலது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் நோயாளியின் வலப்பக்கத்தைத் திரையின் இடப்பக்கத்தில் காட்டும். இதனால்தான் சில ஆய்வகங்களில் படம் எடுக்கும்போதே தலையின் ஒரு பக்கத்தில் வைட்டமின் மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். படத்தில் அது வெண்புள்ளியாகத் தெரியும். எந்தப் பக்கம் எது என்ற சந்தேகம் தீரும்.

சொந்தப் படத்தைத் தொடும் முன் மாதிரிப் படத்தில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரீசர்ஃபருடன் 'பெர்ட்' என்ற பெயரில் ஒருவரின் படம் வருகிறது. 'ஓப்பன்நியூரோ' என்ற இணையத் தொகுப்பிலும் இலவசப் படங்கள் உண்டு.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இயங்குதளத்தின் பதிப்பு, நிறுவிய தேதி நான்கையும் எழுதுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். புதிய பதிப்புக்கு மாறியே தீர வேண்டும் என்றால், பழைய படங்கள் அனைத்தையும் புதியதில் மீண்டும் ஓட்டுங்கள். பாதி பழையது, பாதி புதியது என்பது கூடவே கூடாது.

யாருடைய மூளை மாதிரி?

இம்மென்பொருள்கள் பல, ஒவ்வொரு மூளையையும் ஒரு பொது மாதிரியோடு ஒப்பிட்டுப் பொருத்துகின்றன. பெரிதும் பயன்படும் மாதிரி கனடாவின் மான்ட்ரியல் நகரில் செய்யப்பட்டது. நம்மவர் மூளை வடிவம் அதனோடு அப்படியே பொருந்துவதில்லை. இதற்காகவே நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து, 6 முதல் 60 வயது வரைக்கான ஐந்து இந்திய மூளை மாதிரிகளை 2020-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டுப் படங்களை ஆராயும் மாணவர் இவற்றைப் பற்றித் தம் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இவை ஆராய்ச்சிக் கருவிகள்; மருத்துவருக்கு மாற்று அல்ல. வீட்டுப் பெரியவரின் ஸ்கேன் சி.டி.யைப் பிள்ளையிடம் கொடுத்து, "அப்பாவுக்கு மறதி நோயா பார்" என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு படத்தில் வரும் எண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. அதுபோல, ஆய்வுக்கு வந்த பிறருடைய படங்களைப் பெயரோடு வீட்டுக்குக் கொண்டுவரப் பிள்ளைகளும் துணியக் கூடாது. பெயரை நீக்குவதோடு, முகம் தெரியும் பகுதியையும் அழிக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தை மீண்டும் வரைந்துவிட முடியும்.

சீனிவாசபுரத்துப் பெரியவர் ஒருவர் இரைச்சல் மிகுந்த அந்த இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்துத் தம் மூளையைப் படமெடுக்கச் சம்மதிக்கிறார். நம் பிள்ளைகள் நோட்டில் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்தால்தான், அவர் பட்ட சிரமத்துக்குப் பொருள் இருக்கும்.