விற்பதற்கு முன் ஒரு குச்சி

அன்புள்ள கயல்,

ஃபோல்டிங் சைக்கிளை விற்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஹேண்டில்பார் ஆடுகிறது, ஒரு கையை எடுத்தாலே பயம் என்கிறாயாம். கொஞ்சம் பொறு.

சின்னச் சக்கரத்துக்குப் பம்பரம் மாதிரி நிலைத்துச் சுழலும் வலு கிடையாது, ஆட்டம் அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிகூட உண்மையில்லை. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த வலுவைக் கழித்துவிட்டே ஓட்டிப் பார்த்தார், ஓட்ட முடிந்தது. முன்சக்கரத்தை நாலு அங்குலம் முன்னால் தள்ளிப் பொருத்தியபோதுதான் பெரும்பாடாகிவிட்டது. 1970-இல் இதை எழுதினார்.

சூட்சுமம் ஃபோர்க்கில் இருக்கிறது. யாரையாவது சைக்கிளை நேராகப் பிடிக்கச் சொல். ஃபோர்க் நுழையும் குழாயின் சாய்வுக்கோட்டிலேயே ஒரு நீளக் குச்சியைத் தரைவரை வை. குச்சி தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளிதான் டிரெயில். சக்கரத்தை நேருக்குத் திருப்பிக் கொண்டுவருவதில் அதற்குப் பெரும் பங்கு. குழாயின் சாய்வு 72 டிகிரி, ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்றால், 26 அங்குலச் சக்கரத்துக்கு டிரெயில் சுமார் 60 மி.மீ. வரும். 20 அங்குலத்துக்கு 34-தான். வளைவைக் குறைத்து இதை ஈடுகட்டலாம். விவரம் தெரிந்த தயாரிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தும் பார். 'டக் டக்' என்றால் ஃபோர்க்கின் பேரிங்கோ ஹேண்டில் கம்பத்தின் மடிப்புப் பூட்டோ தளர்ந்திருக்கும். மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை.

குழி விஷயத்தில் மட்டும் பழி சக்கர அளவின்மேல்தான். பெரிய சக்கரம் தாண்டிவிடும் குழிக்குள் சின்னது இறங்கி இடிக்கும். அலெக்ஸ் மோல்டன் 1962-இல் 16 அங்குலச் சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தபோது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்தது சும்மா இல்லை. உன் வண்டியில் அது இல்லை. குழி வந்தால் இரண்டு கையும் ஹேண்டிலில், உடம்பு சீட்டைவிட்டு எழுந்து இருக்கட்டும். கை காட்டித் திரும்புவதானால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடு.

இறுக்கிப் பிடிக்காதே. சின்ன அசைவுக்கே திரும்பும் வண்டி, உன் தோளின் விறைப்பையும் வாங்கிக்கொண்டு ஆடும். கடைத்தெரு நெரிசலில் வளைத்து நுழைய அதைவிடத் தோதான வண்டி உனக்குக் கிடைக்காது, அதையும் யோசி.

குச்சி வைத்து அளந்து எத்தனை மி.மீ. என்று எழுது. அதுவரை யாரிடமும் விலை பேசாதே.

அன்புடன்,
மாமா