பிரஷர் கேனர் வாங்கலாமா? அதற்கு முன் ஒரு கணக்கு

தக்காளி விலை விழுந்த வாரத்தில் நம் தோட்டங்களைப் பார்த்தால் மனசு ஆறாது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து நாமே கடையில் நின்று அரைக் கிலோ தக்காளிக்கு யோசிக்கிறோம். ரசாயனம் இல்லாமல் விளைவித்ததை மண்ணுக்கு விட்டுவிட்டு, ஏதோ ஒரு தக்காளியை வாங்கித் தின்கிறோம்.

இதனால்தான் நம் கூட்டங்களில் பலர் கேட்கிறார்கள்: "அமெரிக்காவில் பாட்டிலில் அடைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்களே, அந்தப் பிரஷர் கேனர் ஒண்ணு வாங்கலாமா? எது விலை குறைவு?" நல்ல கேள்வி. ஆனால் விலைக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாம் அடைக்கப்போவது என்ன?

புளிப்பா, புளிப்பில்லாததா?

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. எல்லா ஊர் மண்ணிலும் அதன் வித்துகள் இருக்கலாம். நாம் உரமேற்றிய நல்ல மண்ணும் விலக்கல்ல. காற்றில்லாத இடமும், ஈரமும், புளிப்பில்லாத உணவும் கிடைத்தால் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூடி இறுகிய பாட்டில் அதற்குச் சொந்த வீடு மாதிரி. அந்த நஞ்சு நரம்பைத் தாக்கும், மூச்சை நிறுத்தும், உயிரையே எடுக்கும். பல நேரம் மணமும் மாறாது, நிறமும் மாறாது.

இதில் எல்லைக்கோடு கார அமில நிலை 4.6. அதற்குக் கீழே இருந்தால், அதாவது புளிப்பு போதுமான அளவு இருந்தால், அந்த வித்து முளைக்காது. மாங்காய், நெல்லி, எலுமிச்சை, அன்னாசி இந்தப் பக்கம். பீன்ஸ், மொச்சை, கேரட், காளான், மக்காச்சோளம், தேங்காய், இறைச்சி எல்லாம் அந்தப் பக்கம். பழம்தானே என்று நினைக்கிற பப்பாளியும் வாழையும்கூட அந்தப் பக்கம்தான். தக்காளி வரப்பில் நிற்கிறது. ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து இப்படியும் அப்படியும் சாயும்.

தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. அந்தச் சூட்டில் இந்த வித்துகள் மணிக்கணக்கில் தாங்கும். அவற்றை அழிக்க 116 டிகிரியாவது வேண்டும். அது நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றினால்தான் வரும். பிரஷர் கேனரின் வேலை அது. புளிப்பான பொருளுக்கு அது தேவையே இல்லை.

நம்ம வீட்டுக் குக்கர் போதாதா?

போதாது. குக்கரின் வெயிட்டும் ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தம் தாங்குகிறதே என்று கேட்கலாம். விஷயம் அழுத்தத்தோடு முடியவில்லை. பாட்டிலின் நடுப்பகுதி வரை சூடு போய்ச் சேர வேண்டும். கேனருக்குச் சோதித்துச் சொன்ன நேரக் கணக்கில், அது மெல்ல சூடேறும் நேரமும் மெல்ல ஆறும் நேரமும் சேர்ந்தே இருக்கிறது. சிறிய குக்கர் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் சரிந்து ஏறும். பாட்டிலுக்குள் இருக்கிற சாறு வெளியே இழுபடும். "கூட நாலு விசில் விட்டேன்" என்பது இங்கே கணக்காகாது.

தக்காளிக்கு அண்டா போதும்

வீட்டில் இருக்கிற ஆழமான அண்டாவே தக்காளிக்குப் போதும். அடியில் ஒரு கம்பித் தட்டு போடுங்கள். பாட்டில் நேராக அடியைத் தொட்டால் வெடிக்கும். அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலும், உள்ளே ரப்பர் பூச்சுள்ள புதிய உலோக மூடியும் வேண்டும். மூடி ஒரு தடவைக்குத்தான்.

1. வெடிப்பு, அழுகல் இல்லாத பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரியுங்கள். நசுக்கிக் கொதிக்கவிட்டு, 5 நிமிடம் கொதித்த பின் இறக்குங்கள்.

2. சூடான ஒவ்வொரு அரை லிட்டர் பாட்டிலிலும் முதலில் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் போடுங்கள். ஒவ்வொரு எலுமிச்சையும் ஒவ்வொரு புளிப்பு. கையால் பிழிந்ததை நம்பி அளவு சொல்ல முடியாது. தக்காளி வரப்பைத் தாண்டாமல் இருக்க இது கட்டாயம்.

3. மேலே அரை அங்குலம் விட்டுச் சூடாக நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு நேரம் எண்ணுங்கள்: சமவெளியில் 35 நிமிடம், கோவை மாதிரி 1000 அடிக்கு மேலான ஊரில் 40, ஊட்டி, கொடைக்கானலில் 50.

4. எடுத்து ஒரு நாள் அசைக்காமல் ஆறவிடுங்கள். மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தினால் துள்ளுகிற மூடி அடைபடவில்லை. அதை அன்றே சமைத்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு, எண்ணெய் சேர்த்துத் தொக்காக்கி இதே முறையில் அடைக்கக் கூடாது. புளிப்பு குறைந்துவிடும். தாளிப்பதெல்லாம் பாட்டிலைத் திறந்த பிறகு. 15 கிலோ பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 பாட்டில் வரும்.

கேனர்தான் வேண்டுமென்றால்

காளான் வளர்ப்பவர்கள், இறைச்சி பதப்படுத்த நினைப்பவர்கள் மட்டும் இதை யோசியுங்கள். பார்க்க வேண்டியவை:

அளவு: ஒரு லிட்டர் பாட்டில் நான்காவது நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தது கேனர் இல்லை, குக்கர்தான்.

அழுத்தம் காட்டுவது: முள் அளவி வைத்ததை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? 5, 10, 15 பவுண்டு வெயிட் உள்ளதே நமக்குச் சரி. வெயிட் பொய் சொல்லாது. 1000 அடி வரை 10 பவுண்டு, அதற்கு மேல் 15.

மூடி: பிரெஸ்டோ மாதிரியானவற்றில் ரப்பர் கேஸ்கட், விலை குறைவு, ஆனால் கேஸ்கட் தேயும். ஆல் அமெரிக்கன் உலோகத்தோடு உலோகம் பொருந்துவது. கேஸ்கட் கிடையாது, நீண்ட நாள் உழைக்கும், விலை பல மடங்கு. உதிரி பாகம் இங்கே கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் சரக்குக் கூலியும் சுங்கமும் சேரும். பழையது வாங்கினால் அடி மேடுபள்ளமாக இருக்கிறதா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிட் போடுவதற்கு முன் 10 நிமிடம் ஆவியை விட்டுக் காற்றை வெளியேற்றுவது கட்டாயம். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் இருந்தும் சூடு இருக்காது.

ஒரு வீட்டுக்கு ஒன்று என்பது வீண் செலவு. குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கி, ஒருவர் முறையாகப் பழகி, மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம். விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும், ஆய்வகச் சோதனையும் இல்லாமல் இறங்காதீர்கள்.

மற்ற காய்களுக்கு நம் பாட்டிகள் வழி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கொத்தவரையும் சுண்டைக்காயும் வற்றலாயின, மிளகாய் மோரில் ஊறிக் காய்ந்தது, மாங்காய் உப்பில் கிடந்தது. ஈரத்தை எடு, உப்பை ஏற்று, புளிப்பைக் கூட்டு. இன்றைய அறிவியல் சொல்வதும் அதேதான். அந்த வெயிலுக்கு விலையில்லை.

கடைசியாக ஒன்று. மூடி உப்பினாலோ, திறக்கும்போது பீய்ச்சினாலோ, நுரைத்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். "வீணாகுதே" என்று ஆடு மாட்டுக்கும் கொட்டாதீர்கள், அவையும் சாகும். ஒரு பாட்டில் தக்காளி போனால் போகட்டும். அடுத்த பருவத்தில் விளைவித்துக்கொள்ளலாம்.