காருக்கு ஜாலி போடுவோம்

முலுண்டின் மேற்கே மலை. மலையை ஒட்டி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அடிவாரத்துச் சந்துகளில் டாக்சியும் காரும் இரவு முழுவதும் வெளியில்தான் நிற்கின்றன. மழைக்காலத்தில் எலி வளைகளில் தண்ணீர் புகும். எலியும் பெருச்சாளியும் உலர்ந்த இடம் தேடி வெளியே வரும். ஓடி நின்ற காரின் இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே போய்ப் படுக்கும்.

படுப்பதோடு விடாது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளரும். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஒயர் போகும். ரப்பர் குழாய் போகும். காலையில் வண்டி கிளம்பாது. டாக்சி ஓட்டுகிறவருக்கு அன்றைய சம்பாத்தியம் போச்சு. மெக்கானிக் கூலி தனி.

காரின் முன்பக்கம் பம்பரில் அகலமான திறப்பு இருக்கும். எலி நுழையும் வழிகளில் அது ஒன்று. அதற்குக் கம்பி வலை போடலாம். மும்பையில் இதை ஜாலி என்கிறோம். நாமே செய்யலாம்.

ஆனால் அந்தத் திறப்பு சும்மா வைத்ததல்ல. அதன் வழியாகத்தான் ரேடியேட்டருக்குக் காற்று போகிறது. காற்று குறைந்தால் இஞ்சின் சூடாகும். எலியைத் தடுக்கப் போய் இஞ்சினைக் கெடுத்துவிடக் கூடாது. எனவே வலையின் கட்டம் எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

கட்டத்தை எப்படிப் பார்ப்பது? தாளில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி எடுங்கள். அதை வலைமேல் வையுங்கள். அரை அங்குல வலை என்றால் அதற்குள் 4 கட்டம் இருக்கும். கால் அங்குல வலை என்றால் 16 கட்டம். அரை அங்குலம் இலையையும் பிளாஸ்டிக் பையையும் நிறுத்தும். குட்டி எலி அதில் புகுந்துவிடும். கால் அங்குலம் எலியை நிறுத்தும். மெல்லிய கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். கொசுவலை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்தாலே அடைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் வலையை எலி கடித்துவிடும். வெறும் இரும்பு நம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் “ஜி.ஐ. ஜாலி” என்று கேளுங்கள். அது துத்தநாகம் பூசிய இரும்பு.

எவ்வளவு வாங்க வேண்டும்? திறப்பு 36 அங்குல அகலம், 8 அங்குல உயரம் என்று வையுங்கள். ஓரம் மடிக்க நான்கு பக்கமும் 1 அங்குலம் விட வேண்டும். 38-க்கு 10 ஆயிற்று. கடையில் வலை சுருளாக இருக்கும். சுருளின் அகலம் 3 அடி என்றால் நீளத்தில் மூன்றேகால் அடி வாங்குங்கள். அது 39 அங்குலம். அதே துண்டில் 10 அங்குலப் பட்டை மூன்று வெட்டலாம். எனவே மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு மூன்றில் ஒன்று.

முதலில் அட்டையை வெட்டித் திறப்பில் பொருத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த அளவோடு ஓரம் மடிக்க நான்கு பக்கமும் 1 அங்குலம் சேர்த்து வலையை வெட்டுங்கள். வெட்டிய முனை ஊசிபோல் குத்தும். கையுறை போடுங்கள். ஓரத்தை மடித்துவிடுங்கள்.

துளை போட்டுத் திருகாணி வைக்காதீர்கள். பின்னாலேயே ஏசியின் கண்டன்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. துளைக்கும் கருவி சற்று உள்ளே போனாலும் ஓட்டைதான். பிளாஸ்டிக் கிரில்லின் பட்டைகளோடு கேபிள் டை போட்டுக் கட்டினால் போதும். ரேடியேட்டருக்கும் வலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஆட ஆட வலை உரசி, அங்கே ஓட்டை விழும்.

விளக்கையும் நம்பர் பிளேட்டையும் வலை மறைக்கக் கூடாது. சில புதிய கார்களில் முன்னால் ராடார் இருக்கிறது. அதன் முன்னும் கம்பி வலை ஆகாது.

“அப்படியே வெளியே தடித்த இரும்புக் கம்பியும் மாட்டலாமா?” என்று ஒரு டிரைவர் அண்ணன் கேட்டார். மாட்டக் கூடாது, அண்ணே. பம்பருக்கு வெளியே மாட்டும் அந்தக் கம்பிகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ அது காட்டியது. அந்தக் கம்பியில் அடிபட்டால் நடந்து போகிறவர் பிழைப்பது கஷ்டம்.

வலை கட்டியதும் வண்டியை நிறுத்தியபடியே ஏசி போட்டுப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். சூடு காட்டும் முள்ளையோ சிவப்பு விளக்கையோ பாருங்கள். முள் வழக்கத்தைவிட ஏறினால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். கால் அங்குல வலையை எடுத்துவிட்டு அரை அங்குலம் போடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வலையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

முன்பக்கம் அடைத்தால் எலி வராது என்று நினைக்க வேண்டாம். டயர்மேல் ஏறியும், அடிப்பக்கமாகவும் வரும். காலையில் பானட்டைத் திறந்து பாருங்கள். புழுக்கையோ, கூடு கட்டிய துணியோ இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீர் கையிலுள்ள புண் வழியாகப் போனால் எலிக் காய்ச்சல் வரும். 2005 ஜூலை 26 பெருவெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் இந்தக் காய்ச்சலால் பலர் இறந்தார்கள். காய்ச்சலோடு உடம்பு வலி கண்டால் காத்திருக்காமல் மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். எலி விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கணக்கு: உங்களுக்குத் தெரிந்த ஒரு காரின் முன் திறப்பை அளந்து எழுதுங்கள். ஓரம் மடிக்கச் சேர்த்தபின் அளவு என்ன? 3 அடி அகலச் சுருளில் எத்தனை பட்டை வரும்?