சனிக்கிழமைக் காபி

அன்புள்ள அம்மா,

மந்தைவெளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் பாதிக்கு மேல் பேரன் புராணம்தான். கேள்வி கடைசிப் பத்தியில் வருகிறது. சனிக்கிழமைதோறும் பையனைக் கூட்டிப்போக அடையாறிலிருந்து வருகிறாரே முன்னாள் மாப்பிள்ளை, அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்தால் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கொடுக்காமல் அனுப்பினால் உங்களுக்கு மனசு கேட்பதில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று யாரும் சிரிக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வந்த விஷயம் இது. 2022-ல் ஒரு வழக்கில், குழந்தையைப் பார்க்க வரும் தந்தையை விருந்தாளியாக நடத்த வேண்டும், டீயும் பலகாரமும் தர வேண்டும் என்று தனி நீதிபதி உத்தரவு போட்டார். ‘அதிதி தேவோ பவ’ என்றும் நினைவூட்டினார். தாய் மேல்முறையீட்டுக்குப் போனார். அங்கே இரு நீதிபதிகள் அமர்வின் முன் அந்த உத்தரவு நிற்கவில்லை. தாயும் தந்தையும் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்லிவிட்டார்கள்.

அமர்வு சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோர்ட் சொல்லிக் கலந்த காபியை யாரால் நிம்மதியாகக் குடிக்க முடியும்?

ஆக, சட்டப்படி உங்களுக்குக் கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் என்னைக் கேட்பதற்கு முன் மகளைக் கேட்டீர்களா? விவாகரத்து அவளுடையது. நாலு சுவருக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும். அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்திருந்தால் காபிப் பேச்சை விடுங்கள், வீட்டு வாசலில் வைத்துப் பையனை ஒப்படைப்பதே கூடாது. குடும்பநல நீதிமன்றத்தில் அதற்கு வேறு ஏற்பாடு கேட்கலாம். அப்படி இல்லை, வெறும் மனஸ்தாபம்தான் என்றால் அவளிடம் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீருக்கு அவளும் மறுப்புச் சொல்ல மாட்டாள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி. சாயங்காலம் திரும்பி வரும் பேரனிடம் “அங்கே என்னடா சாப்பிட்டே?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லே பாட்டி” என்கிறானாம். நம் வீட்டுச் சாப்பாடுதான் அவனுக்குப் பிடிக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா, ஒன்பது வயதுப் பையன் காலை பத்திலிருந்து ஆறு மணிவரை பட்டினி கிடக்க மாட்டான். பெசன்ட் நகரில் பஜ்ஜியோ அந்த வீட்டுப் பாட்டி கையால் வத்தக்குழம்போ, எதையோ ருசித்துத்தான் சாப்பிட்டிருப்பான். எந்த வீட்டில் எதைச் சொன்னால் முகம் மாறும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். அடையாறு வீட்டில் உங்கள் சமையலைப் பற்றியும் இதையே சொல்கிறானோ என்னவோ! இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ஸ்கூல் ஃபீஸ் விஷயமாக அப்பாவிடம் பேசச் சொல்லி அவனை அனுப்புவதும் வேண்டாம். அதைப் பெரியவர்கள் நேராக வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளட்டும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்றது. நேரில் பார்ப்பதோடு போன், வீடியோ காலில் பேசவும் வழி இருக்க வேண்டும் என்றது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்தது. தாத்தா பாட்டிகளுக்கான நேரம் என்று தனியாகவே அதில் பேசியிருக்கிறது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. ஆனால் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தவர்கள் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005 முதல் சமரச மையம் இருக்கிறது.

எழுதிக்கொள்வது எதற்கென்றால், சனிக்கிழமை என்று மட்டும் போட்டால் போதாது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழா அன்றைக்கு வந்தால் மாட வீதிப் பக்கம் கார் எப்படி நுழையும்? போன பங்குனியில் அவர் வராததை வைத்து வக்கீல் நோட்டீஸ் வரை போனதாக எழுதியிருக்கிறீர்கள். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கஸ்தூரிபா நகர் மூன்றாவது ஸ்டேஷன். அன்று நீங்களே கொண்டுபோய் விட்டிருக்கலாம். தீபாவளி ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே. காலாண்டு லீவு எங்கே, ஜுரம் வந்தால் அன்றைய முறைக்கு மாற்று நாள் எது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

சினிமாக்காரர்களைப் பற்றி ஊர் வம்பு பேசுகிறோம். தனுஷ், ஐஸ்வர்யா இருவருக்கும் 2024 நவம்பரில் சென்னையில் விவாகரத்து ஆனது. அடுத்த மே மாதம் மூத்த மகனின் பள்ளிப் பட்டமளிப்பில் இருவரும் அவனைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காசு பணத்தால் வருகிற காரியமில்லை அது.

கடைசியாக, சம்பந்தி அம்மாளின் நம்பர் இன்னும் உங்கள் போனில் இருக்கும். நவராத்திரிக்கு இரண்டு வீட்டிலும் கொலு. பையன் எந்தெந்த நாள் எங்கே என்று மகளிடம் சொல்லிவிட்டு நீங்களே பேசுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், அவனுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி ஆரம்பியுங்கள். அது அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்.