சராசரி சொல்லாத சங்கதி

ஏப்ரல், மே வந்தால் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்தே வருஷக்கணக்காகியிருக்கும்.

நம்பிக்கை: "சராசரி மார்க் இறங்கிடுச்சு, அப்ப அங்க படிப்பு சரியில்லன்னுதானே அர்த்தம்?"

இல்லை. கணக்கே போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எட்டாம் வகுப்பில் போன வருஷம் 40 பேர். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உள்ளவர்கள் 30 பேர், அவர்கள் சராசரி 70. அப்படி ஆள் இல்லாதவர்கள் 10 பேர், சராசரி 40. மொத்த வகுப்பின் சராசரி 62.5.

இந்த வருஷம் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி வேன் விட ஆரம்பித்தது. முதல் கூட்டத்தில் பாதி அங்கே போய்விட, 15 பேர்தான் மிச்சம். கூலி வேலைக்கு வந்த குடும்பங்களால் இரண்டாவது கூட்டம் 20 ஆனது. ஆசிரியர்கள் நன்றாகவே உழைத்தார்கள்: முதல் கூட்டம் 72 எடுத்தது, இரண்டாவது 44. இரு தரப்பும் ஏறியிருக்கிறது. மொத்தச் சராசரியோ 56! ஆறரை மதிப்பெண் சரிவு. இதைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்.

வகுப்பு சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். 12 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை ஆண்டுத் தேர்வில் தடுக்கினால் தேர்ச்சி விழுக்காடு எட்டுக்கும் மேல் இறங்கும். நம் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் 12 பேர் வகுப்பு ஒன்றும் அதிசயமில்லை.

நம்பிக்கை: "பிரைவேட்ல சேர்த்தா தானா படிப்பு வந்துடும்."

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் பக்கத்து ஆந்திரத்தில். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அங்கே 180 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. தனியார் பள்ளியில் படிக்கப் பணம் தருகிறோம் என்று சொல்லி, விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் போட்டார்கள். குலுக்கல் என்பதால் சீட்டு விழுந்த குடும்பமும் விழாத குடும்பமும் ஒரே மாதிரியானவை. வசதி, படிப்பு, அக்கறை எதிலும் பெரிய பேதமில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துத் தேர்வு வைத்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். அரசுப் பள்ளிகளில் அந்த வகுப்புகளுக்கு இந்திப் பாடம் கிடையாது.

தனியார் பள்ளிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்கு அவர்கள் செலவழித்தது அரசு செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சோதிக்கப்பட்டவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற இடைவெளியில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வருவது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி நம்மிடம் இல்லை.

நம்பிக்கை: "வட மாநிலத்துப் புள்ளைங்க வந்துதான் ஸ்கூல் கெட்டுப்போச்சு."

திருப்பூர்ப் பக்கம் இது அடிக்கடி காதில் விழும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஆறாம் வகுப்பில் சேர்கிற பையனுக்கு வகுத்தல் தெரிந்திருக்கலாம். "ஆளுக்கு எத்தனை, மீதி எவ்வளவு" என்று தமிழில் கேட்கிற வாக்கியக் கணக்கில் அவன் திணறுவான். தாளில் விழுகிற பூஜ்யம் மொழியால் வந்தது. கணக்கால் வந்ததென்று பதிவாகிறது. செங்கல் சூளைப் பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கல். சூளை வேலை முடிந்து குடும்பம் கிளம்பினால் பிள்ளையும் கிளம்பும், தேர்வு நாள் பார்த்தா கிளம்பும்?

நம்பிக்கை: "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ், அதான் படிக்கிறதில்ல."

எட்டு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அந்த ஆண்டே பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. நல்லதாயிற்று என்பது என் கட்சி. ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் ஒரு ஃபெயில் போட்டால் வாசிப்பு வந்துவிடாது; பனியன் கம்பெனிக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னதும் சில ஆசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் எனக்குத் தெரியும். "எங்க பிள்ளைங்க வீட்டுச் சூழல் அப்படி சார்" என்பது விளக்கமாக இருக்கும்வரை சரி. சாக்காக மாறினால் நிறுத்த வேண்டும். ஆசிரியரே வகுப்பில் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரித்த முறையில், அந்த 40ஐ வகுப்பு முழுக்க 38, 39 என்று அள்ளிப் போட்டு வைத்திருந்தால், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கே தெரியாது. சமூகச் சூழலை அங்கே குற்றம் சொல்ல முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி சராசரியைப் பற்றியது அல்ல. ஜூனில் இருந்த அதே பிள்ளைகள் மார்ச்சில் எங்கே நிற்கிறார்கள்? ஜூனில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறிய ஒன்பது பேரில் இப்போது எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? பெயர் பெயராகக் கேட்கலாம்.

வெளியாரோடு ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வின் முடிவைப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதுவது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். போட்டி கிட்டத்தட்ட ஒரே நிலையிலுள்ள பிள்ளைகளுக்குள் நடப்பதால், ஒரு பள்ளியிலிருந்து தொடர்ந்து நாலைந்து பேர் தேறுகிறார்கள் என்றால் அங்கே யாரோ மாலையில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள் என்று தாராளமாக நம்பலாம்.

டி.சி. வாங்கக் கிளம்பும் பெற்றோருக்கு ஒரு தகவல். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்பில் கட்டணம் கட்டித் தனியாருக்கு மாற்றி, பதினொன்றில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் அது கிடைக்காது.