கள்ளும் கலப்பும்: சிகிச்சைக்கு முன் வினவ வேண்டியவை

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கினால் ஹைதராபாத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. உடனே எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றோடு வந்தோர் தொகை பெருகியது. கள்ளில் ஆல்கஹால் குறைவு. அது மட்டும் இத்துணைக் கொந்தளிப்பை எளிதில் விளைவிப்பதன்று. தெலங்கானாவில் கள்ளோடு குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்ப்ரசோலம் முதலிய உறக்க மருந்துகளைக் கலந்து விற்பது பலகாலமாக அறியப்பட்டதே.

ஆதலின், நோயாளி ‘கள்’ என விடையிறுத்தால் மருத்துவர் அவ்வளவில் நின்றுவிடலாகாது. எக்கடைக் கள், நாளொன்றுக்கு எத்தனை புட்டி, இறுதியாக அருந்தியது எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா என வினவ வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 வினாக்கள் பயனுடையனவே. ஆயினும் அவை மதுப்பழக்கத்தையே அளப்பன. தாம் அறியாது உட்கொண்ட மருந்தை நோயாளி எங்ஙனம் கூறுவார்? உடன் வந்தோரை வினவுதலும் சிறுநீர்ச் சோதனையும் இங்கு உதவும். உறக்க மருந்துப் பழக்கம் உறுதிப்பட்டால், தக்க மருந்தளித்து அதனைப் படிப்படியாகக் குறைத்தலே முறை. திடீரென நிறுத்துதல் வலிப்பை விளைவிக்கும்.

இல்லாத உருவங்களைக் காண்பவரை உடனே மனநோயாளர் எனப் பதிவு செய்தல் தவறு. இக்குழப்பம் பெரும்பாலும் சிகிச்சையால் சில நாட்களில் தெளியும். பின்னும் நீடிக்கும் சோர்வையும் அச்சத்தையும் அப்போது ஆராயலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை மட்டும் முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும்.