கடற்பாசியை ஆண்டுதோறும் அளந்து வருதல்

மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை முதலிய கடற்பாசிகள் வளர்கின்றன. முதலிரண்டிலிருந்து அகாரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோரப் பெண்கள் பலருக்குப் பாசி எடுத்தலே ஜீவனம். ஆகவே, அது பெருகுகிறதா, குறைகிறதா என்பது அக்கிராமப் பஞ்சாயத்துகள் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

1971 முதல் 1976 வரை மத்திய, மாநில ஸ்தாபனங்கள் கூடி நடத்திய மதிப்பீட்டில், தமிழ்நாட்டுக் கரையோரம் 17,125 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 22,000 டன் ஈரப்பாசி இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அரிய பணிதான். எனினும் ஒரு முறை எடுத்த கணக்கு அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மாறுதலை அறிய வேண்டுமாயின், அதே இடத்தில், அதே மாதத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும். பாசி பருவத்திற்கேற்பத் தழைத்துத் தேய்வது. ஓராண்டுத் தை மாதத்தை மற்றோராண்டு ஆடி மாதத்துடன் ஒப்பிடுவதில் பயனில்லை.

வியாபாரியின் எடைச்சீட்டு போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. பாசி பாதியாகக் குறைந்தாலும், எடுப்பவர் இன்னும் இரண்டு மணி நேரம் நீரில் நின்று, அப்பாலுள்ள பாறைக்கும் சென்று, பழைய எடையையே கரை சேர்த்துவிடுவார். சீட்டில் குறைவு தெரியாது. அவரது உடல் வருத்தமும் தெரியாது. எனவே எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு எடுத்தனர் என்று எழுதி வைப்பதே சரியான கணக்காகும்.

இதனுடன் நேரில் அளப்பதும் தேவை. நீர் வற்றும் நேரத்தில், கரையில் ஓர் அடையாளத்திலிருந்து 50 மீட்டர் கயிற்றை நேராக விரித்து, 5 மீட்டருக்கு ஒரு முறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்திற்குள் எந்தப் பாசி எத்தனை பங்கு மூடியுள்ளது, அடிப்பற்று எஞ்சியுள்ளதா என்று குறிக்க வேண்டும். இதற்குப் பாசி எடுக்கும் பெண்களைவிடத் தகுந்தவர் யாரும் இலர்.

கெல்ப் எனப்படும் பெரும்பாசிக் காடுகள் நமது வெப்பக்கடலில் இல்லை. அவை உள்ள மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011-இல் கடல் நீர் மிகவும் சூடேறிற்று. முந்தைய ஆண்டுகளிலும் அளந்து வந்திருந்தமையால், கெல்ப் சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கியதை அறிஞர்கள் ஐயமின்றிக் கூற முடிந்தது.

நமது வளைகுடாவிலும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தன. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவில் பவளங்களின்மேல் படர்ந்தது 2008-இல் வெளியிடப்பட்டது. இத்தனை காரணங்கள் இருக்க, பாசி குறைந்தால் பழி எடுப்பவர் மீதே விழுகிறது. அவர்களோ மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதென்று தாமே வரையறுத்துக் கொண்டவர்கள். பாசி எடுக்கும் பாறை ஒன்றையும், எடுக்காது விட்ட பாறை ஒன்றையும் சேர்த்து அளந்து வந்தால் உண்மை புலப்படும். இரண்டிலும் ஒருங்கே குறைந்தால் கை மட்டும் காரணமன்று. எடுத்த பாறையில் மட்டும் குறைந்தால் எடுக்கும் முறையைத் திருத்த வேண்டும்.

தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவையாதலால், அங்கு அளப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். முதலில் ஊர்க்கரையை ஒட்டிய பாறைகளில் தொடங்கலாம். கணக்கேடு தனியார் வீட்டில் இராமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்க வேண்டும். தலைவர் மாறினும் ஏடு மாறாது.